ஊர் மண்ணும் கைத்தொழிலும்: யப்பான் நாட்டின் பிரதேசக் கைப்பணிகள் பற்றி ஒரு நோக்கு

யப்பான் என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் நினைவுக்கு வருவது என்ன? தோட்டக் கிணற்றடியில் நின்ற நீரிறைக்கும் இயந்திரம், வயலை உழுத இரு சில்லு உழவு இயந்திரம், மோட்டார் சைக்கிள், வானொலிப் பெட்டி. இயந்திரங்களின் நாடு என்றே அதை நாம் அறிந்து வைத்திருக்கிறோம்.

ஆனால் அந்நாட்டுக்கு வேறொரு முகமும் உண்டு. மலைக் கிராமமொன்றில் நார்ச்செடி வளர்த்து நூலெடுக்கிறார்கள். ஆற்றுப் பள்ளத்தாக்கொன்றில் மரப்பட்டையை அலசிக் கடதாசி செய்கிறார்கள். தென்கோடித் தீவொன்றில் வாழைநாரில் துணி நெய்கிறார்கள். இத்தொழில்கள் நகரத்துப் பெரும் பட்டறைகளில் தோன்றியவை அல்ல. இவற்றுட் பல, கமக்காரக் குடும்பங்கள் வயல் வேலை ஓய்ந்த காலத்தில் செய்து பழகியவை. ஓர் ஊரில் உள்ளது அடுத்த ஊரில் இல்லை; இரண்டு ஊர்களில் ஒரே பொருளைச் செய்தாலும் அது ஒன்றுபோல் இருப்பதில்லை. காரணம், ஒவ்வொன்றும் அந்தந்த ஊரின் மண், நீர், குளிர், மரம் ஆகியவற்றிலிருந்து பிறந்தது.

அப்படியானால் ஒரு கேள்வி எழுகிறது. தொழில் ஊர் மண்ணில் பிறந்தது என்றால், மக்கள் அந்த ஊரை விட்டு எழும்ப நேர்ந்தால் அத்தொழில் என்னவாகும்? எங்களுக்கு இது வெறும் புத்தகக் கேள்வி அல்ல. யப்பானின் வரலாற்றிலும் இக்கேள்வி பலமுறை எழுந்திருக்கிறது. அதற்குக் கிடைத்த விடை ஒன்றல்ல.

ஏன் இத்தனை வேறுபாடு?

வடக்கே ஹொக்கைடோ தொடக்கம் தெற்கே ஒக்கினாவாத் தீவுகள் வரை யப்பான் ஏறக்குறைய 3,000 கிலோமீற்றர் நீளத்துக்குப் பரந்து கிடக்கிறது. வடக்கிலும் மேற்குக் கரையிலும் குளிர்காலத்தில் வெண்பனி ஆளுயரத்துக்கு மேல் குவியும். தெற்கிலோ வாழையும் கரும்பும் செழிக்கும். நாட்டின் மூன்றில் இரண்டு பங்கு காடு. பயிரிடத்தக்க சமவெளி குறைவு. மலைகளுக்கு இடையே அடைபட்ட பள்ளத்தாக்குகளில் மக்கள் தம்மிடம் உள்ளதைக் கொண்டே வாழப் பழகினர்.

இதனுடன் இன்னொரு காரணமும் சேர்ந்தது. 1603 முதல் 1868 வரை, எடோக் காலம் எனப்படும் காலத்தில், நாடு இருநூற்றுக்கும் மேற்பட்ட சிற்றரசுகளாகப் பிரிந்திருந்தது. ஒவ்வொரு சிற்றரசனும் தன் நிலத்தில் விளையும் சிறப்புப் பொருளை வளர்த்து, அதை வெளியூரில் விற்று வருமானம் தேட முயன்றான். ஓரிடம் இரும்புக் கேத்தல்களுக்குப் பேர்போனது, இன்னோரிடம் துணிக்கு, வேறோரிடம் மட்பாண்டத்துக்கு. தொழில் இரகசியங்கள் எல்லை தாண்டாமற் காக்கப்பட்டன. இவ்வாறே ஊருக்கு ஊர் வேறுபாடு ஆழமாயிற்று.

தொழிற்சாலைப் பொருட்கள் பெருகியபோது இக்கைப்பணிகள் அழியத் தொடங்கின. யானகி சோஎத்சு (1889–1961) என்னும் அறிஞர் ஊர் ஊராகச் சென்று, பெயர் தெரியாத தொழிலாளர் செய்த அன்றாடப் பாத்திரங்களையும் துணிகளையும் கூடைகளையும் தேடிச் சேகரித்தார். சாதாரண மக்கள் சாதாரண மக்களுக்காகச் செய்த பொருட்களில் தனி அழகு உண்டு என்பது அவரது கொள்கை. இப்பொருட்களுக்காக 1936 இல் ரோக்கியோ நகரில் ஒரு நூதனசாலையை நிறுவினார். எந்தப் பிரதேசத்தில் எந்தக் கைவேலை உயிரோடிருக்கிறது என்பதைத் தொகுத்து அவர் எழுதிய நூல், போருக்குப் பின்னர் 1948 இல் வெளியாயிற்று.

1974 இல் யப்பானிய அரசு மரபுவழிக் கைத்தொழில்களுக்கென ஒரு சட்டம் கொண்டுவந்தது. பொருள் அன்றாட வாழ்வில் பயன்படுவதாக இருக்கவேண்டும். முக்கிய வேலைகள் கையால் நடைபெறவேண்டும். முறையும் மூலப்பொருளும் ஏறக்குறைய நூறாண்டு பழமை உள்ளவையாக இருக்கவேண்டும் என்பன அதன் நிபந்தனைகள். இன்னொரு நிபந்தனையை நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டும்: அத்தொழில் ஒரு குறிப்பிட்ட பிரதேசத்தில், பொதுவாகப் பத்துத் தொழிலகங்களாவது முப்பது தொழிலாளராவது செய்து வருவதாக இருக்கவேண்டும். தனியொருவரின் திறமைக்கு இச்சட்டத்தில் இடமில்லை. கைப்பணி என்பது ஊரின் சொத்து என்று சட்டமே ஏற்றுக்கொள்கிறது. இன்று இவ்வாறு அங்கீகாரம் பெற்றவை 240 க்கும் அதிகம்.

வயல் ஓய்ந்த காலத்தில்

யப்பான் கடலோரத்து நீகாத்தா மாவட்டம் நெல்லுக்குப் பெயர்பெற்றது. எச்சிகோ என்பது அதன் பழைய பெயர். மார்கழி தொடங்கிப் பங்குனி வரை அங்கு வெண்பனி வயல்களை மூடிவிடும். விதைக்கவும் முடியாது, வெளியே போகவும் முடியாது. இந்த மாதங்களில் கமக்காரப் பெண்கள் கராமுஷி என்னும் நார்ச்செடியிலிருந்து எடுத்த நாரை நகத்தால் மெல்லியதாகக் கிழித்து, முனைக்கு முனை முறுக்கி இணைத்து நூலாக்கினர். உலர்ந்த காற்றில் இந்நூல் அறுந்துவிடும். வெண்பனியால் ஈரப்பதம் நிறைந்த காற்றோ நூலைப் பதமாக வைத்திருந்தது. நெய்து முடித்த துணியைக் குளிர்கால இறுதியில், வெயிலுள்ள நாட்களில், பனி மூடிய வயலின்மேல் விரித்துவிடுவார்கள். வெயில் பட்டு வெண்பனி ஆவியாகும்போது உண்டாகும் ஓசோன் துணியை வெளுக்கச் செய்கிறது என்று இன்று விளக்குகிறார்கள். அன்று அந்தப் பெண்களுக்கு ஓசோன் தெரியாது. ஆனால் எந்த நாளில் விரிக்கவேண்டும் என்பது தெரிந்திருந்தது.

துணி வியாபாரியாக இருந்த சுசுக்கி பொக்குஷி (1770–1842) தம் பனிநாட்டு வாழ்க்கையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். மணப்பெண் தேடும்போதும் அங்கு நெசவுத் திறமையையே முதலில் பார்ப்பார்கள், முக அழகு அதற்குப் பின்னர்தான் என்று அவர் குறிப்பிடுகிறார். இத்துணி வகைகளை யுனெஸ்கோ நிறுவனம் 2009 இல் மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலிற் சேர்த்தது.

இத்துணிக்கான நார் எங்கிருந்து வருகிறது? மலைக்கு அப்பால், புக்குஷிமா மாவட்டத்திலுள்ள ஷோவா என்ற கிராமத்திலிருந்து. வைகாசி மாதத்தில் அங்குள்ள கமக்காரர் கராமுஷித் தோட்டத்துக்குத் தீ வைக்கிறார்கள். முந்திவந்த தளிர்கள் எரிந்துபோக, அடுத்து வரும் தளிர்கள் எல்லாம் ஒரே சீராக எழும்புகின்றன. உயரம் ஒன்றாக இருந்தாற்றான் நார் ஒன்றாக இருக்கும். காற்றில் தண்டுகள் உரசிக் காயப்படாதபடி தோட்டத்தைச் சுற்றி வேலி அடைக்கிறார்கள். இளைஞர் நகரங்களுக்குப் போய்விட, இக்கிராமமும் முதியோர் கிராமமாயிற்று. 1994 முதல் கிராமத்தவர் வெளியூர் இளம்பெண்களை வரவழைத்து, ஓராண்டு தங்கவைத்து, செடி நடுவது தொடக்கம் துணி நெய்வது வரை கற்பிக்கின்றனர். நூற்றுக்கு மேற்பட்டோர் இவ்வாறு கற்றிருக்கிறார்கள். சிலர் அங்கேயே குடியமர்ந்துவிட்டனர். ஊர்த்தொழிலை ஊர்ப்பிள்ளைகளுக்கு மட்டும் என்று பூட்டி வைக்காததால் அது இன்றும் உயிரோடிருக்கிறது.

ஒரே மரம், வேறு வேறு கடதாசி

யப்பானியக் கடதாசி பெரும்பாலும் கோசோ எனப்படும் சிறு மரத்தின் பட்டையிலிருந்து செய்யப்படுகிறது. இது பட்டுப்பூச்சிக்கு இடும் முசுக்கட்டைக்கு உறவுள்ள மரம். இலையுதிர்ந்த பின் கிளைகளை வெட்டி, அவித்து, பட்டையை உரித்து, காரநீரில் வேகவைத்து, அழுக்குகளைக் கையாற் பொறுக்கி, அடித்து நாராக்கி, நீரிற் கலக்கி மூங்கிற் சல்லடையில் அள்ளுவார்கள். நார்கள் அடியிற் படியாமல் நீரில் மிதந்து நிற்பதற்காகத் தொரோரோ அஒயி என்ற செடியின் வேரிலிருந்து எடுக்கும் வழுவழுப்பான சாற்றைச் சேர்ப்பார்கள். இச்செடி எங்கள் வெண்டியின் நெருங்கிய உறவு. வெண்டிக்காயை நறுக்கிய கைக்கு அந்த வழுவழுப்பு எப்படியிருக்கும் என்பது தெரியும். வெயில் காலத்தில் இச்சாறு விரைவில் நீர்த்துப்போகும். ஆகவே கடதாசி வேலைக்குக் கடுங்குளிரே உகந்தது. கமக்காரருக்கு வேலையில்லாத காலமும் அதுவே.

முறை ஒன்றாயினும் கடதாசி ஒன்றல்ல. கிபு மாவட்டத்து மினோவில் பட்டையின் உட்புறத்து வெள்ளை நாரை மட்டும் எடுத்து, தெளிந்த நீரில் அலசி, மெல்லிய சீரான கடதாசி செய்கிறார்கள். வீட்டுக் கதவுகளில் ஒட்டினால் அதனூடாக வெளிச்சம் இதமாக வரும். ஷிமானே மாவட்டத்து இவாமியிலோ வெள்ளை நாரை ஒட்டிய பச்சைப் படையையும் சேர்த்தே வைத்துக்கொள்கிறார்கள். நிறம் சற்று மங்கல். ஆனால் மடித்தாலும் கசக்கினாலும் கிழியாத உறுதி. ஒரு மெல்லிய பச்சைப் படையை நீக்குவதிலும் விடுவதிலும் இரண்டு ஊர்களின் பெயர் தங்கியிருக்கிறது.

புக்குயி மாவட்டத்து எச்சிசென் பள்ளத்தாக்கில் ஒரு பழங்கதை வழங்குகிறது. ஏறக்குறைய 1,500 ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் அழகிய பெண் ஆற்றின் மேற்பக்கத்திலிருந்து வந்தாளாம். "இங்கே வயல் நிலம் குறைவு, நெல்லை நம்பி நீங்கள் வாழமுடியாது. ஆனால் தெளிந்த நீர் இருக்கிறது. கடதாசி செய்யுங்கள்" என்று சொல்லித் தன் மேலாடையைக் கழற்றிக் கம்பில் தொங்கவிட்டு, செய்முறையைக் கற்பித்துவிட்டு மறைந்தாளாம். அவ்வூரவர் அவளுக்குக் கோயில் எழுப்பி இன்றும் வணங்குகிறார்கள். கதை எப்படியிருந்தாலும், இல்லாத நிலத்தை நினைத்து மாய்வதை விட்டு, இருக்கும் நீரைக் கண்டுகொண்ட ஒரு சமூகத்தின் நினைவு அதில் இருக்கிறது.

மரத்தின் பாலும் மலையின் மண்ணும்

அரக்குப் பூசிய கிண்ணங்கள் யப்பானியர் வீடுகளில் சோற்றுக்கும் சூப்புக்கும் பயன்படுபவை. இங்கே அரக்கு என்பது பூச்சி தருவதல்ல. உருஷி என்ற மரத்தின் பால். எங்கள் நாட்டில் இறப்பர் மரத்தை வெட்டிப் பாலெடுப்பது போலவே அதையும் எடுக்கிறார்கள். ஆனால் இறப்பர் மரம் பல ஆண்டுகள் பால் தரும். உருஷி மரமோ பத்துப் பதினைந்து ஆண்டு வளர்ந்தபின் ஒரே பருவத்தில் ஏறக்குறைய 200 மில்லிலீற்றர், அதாவது ஒரு தேநீர்க் கோப்பையளவு, பாலைக் கொடுத்துவிட்டு வெட்டப்படும். நாட்டில் உற்பத்தியாகும் பாலின் பெரும்பகுதி வடக்கே இவாத்தே மாவட்டத்து ஜோபோஜிப் பகுதியிலிருந்து வருகிறது. ஆயினும் யப்பானில் பயன்படும் அரக்கின் மிகப் பெரும்பகுதி சீனாவிலிருந்தே இறக்குமதியாகிறது.

அரக்குப் பாத்திரங்களுள் வாஜிமா என்னும் கடலோரப் பட்டினத்தவை உறுதிக்குப் பெயர்பெற்றவை. அங்குள்ள குன்றில் கிடைக்கும் ஒருவகை மண்ணைச் சுட்டுப் பொடியாக்கி அரக்குடன் குழைத்து அடிப்பூச்சாகப் பூசுகிறார்கள். விளிம்புகளில் துணி ஒட்டுகிறார்கள். மரம் கடைபவர் ஒருவர், அடிப்பூச்சுக்காரர் ஒருவர், மெருகிடுபவர் ஒருவர், மேற்பூச்சுக்காரர் ஒருவர், பொற்பொடியால் சித்திரம் தீட்டுபவர் ஒருவர் என்று வேலை பகிரப்படுகிறது. படிகள் நூற்றுக்கு மேற்படும். முற்காலத்தில் வாஜிமா வியாபாரிகள் இவ்வளவு விலையுள்ள பாத்திரங்களைக் கிராமத்தவருக்கு எப்படி விற்றார்கள் தெரியுமா? சீட்டுக் கட்டி! பலர் சேர்ந்து பணம் போட, முறைவைத்து ஒவ்வொருவராகப் பாத்திரம் பெற்றுக்கொண்டனர்.

2024 ஜனவரி 1 ஆம் திகதி, புத்தாண்டு நாளில், இப்பிரதேசத்தை 7.6 அளவான நிலநடுக்கம் தாக்கியது. வாஜிமாவின் சந்தைத் தெரு எரிந்து சாம்பலாயிற்று. பட்டறைகளும் வீடுகளும் நூற்றுக்கணக்கில் விழுந்தன. அதே ஆண்டு செப்ரெம்பர் மாதம் பெருவெள்ளமும் வந்தது. ஒருவர் நின்றுபோனால் அடுத்தவரின் வேலையும் நின்றுபோகும் தொழில் அது. ஆகவே தற்காலிகப் பட்டறைகள் அந்த ஆண்டே அமைக்கப்படத் தொடங்கின. வீடு திரும்புவதற்கு முன்னரே தொழிலாளர் சிலர் வேலைக்குத் திரும்பினர்.

அழகுக்குப் பின்னால்

இவற்றை வாசிக்கும்போது அக்காலக் கைவினைஞர் எல்லோரும் மகிழ்ச்சியாகப் பாடிக்கொண்டு வேலைசெய்தார்கள் என்று நாம் எண்ணிவிடக்கூடாது. ஒக்கினாவாவுக்குத் தென்மேற்கே மியாக்கோத் தீவு இருக்கிறது. அங்கும் நார்ச்செடியிலிருந்து மிக நுண்ணிய துணி நெய்யப்படுகிறது. 1637 முதல் 1903 வரை அத்தீவு மக்கள்மீது தலைவரி விதிக்கப்பட்டிருந்தது. ஆண்கள் தானியத்தால் செலுத்த, பெண்கள் துணியால் செலுத்தினர். அதிகாரிகள் அளந்து, நிறம் பார்த்து, குறைகண்டால் திருப்பியனுப்பினர். இன்று நூதனசாலைகளில் நாம் வியந்து பார்க்கும் சில துணிகள், அவற்றை நெய்தவர் உடுத்தறியாத துணிகள். கைத்திறன் வேறு, அத்திறனின் பலன் யாருக்குப் போகிறது என்பது வேறு. இரண்டையும் சேர்த்தே பார்க்கவேண்டும்.

போருக்குப் பின் வாழைத் தோட்டம்

ஒக்கினாவாத் தீவின் வடபகுதியில் கிஜோக்கா என்ற கிராமம் உள்ளது. அங்கே வாழைநார்த் துணி நெய்கிறார்கள். நாம் பூக்கட்டும் வாழைநார் அல்ல. பழத்துக்கன்றி நாருக்கென்றே வளர்க்கும் ஒருவகை வாழை. தண்டு அடியும் நுனியும் ஒரே பருமனாக இருப்பதற்காக ஆண்டுக்குச் சில தடவைகள் இலையையும் குருத்தையும் வெட்டிவிடுவார்கள். இரண்டு மூன்று ஆண்டுகளில் தண்டை வெட்டி, மடலை உரித்து, வெளிமடல் வேறு உள்மடல் வேறாகப் பிரிப்பார்கள். உள்ளே போகப்போக நார் மென்மையாகும். சாம்பற் காரநீரில் அவித்து, மூங்கிற் கவையால் வழித்து, நாரோடு நார் முடிச்சிட்டு நூலாக்குகிறார்கள். ஒரு கிமோனோ உடைக்கான துணிக்கு ஏறக்குறைய 200 வாழைகள் வேண்டும். வெப்பமும் ஈரமும் நிறைந்த தீவில் இத்துணி உடலில் ஒட்டாது. காற்று உள்ளே வரும்.

தைரா தொஷிகோ அம்மையார் இக்கிராமத்தவர். இரண்டாம் உலகப்போரின்போது, 1944 இல், இளம்பெண்ணாக இருந்த அவர் தொழிற்சாலை வேலைக்காகத் தொலைவிலுள்ள குரஷிக்கி நகருக்கு அனுப்பப்பட்டார். 1945 இல் ஒக்கினாவாவில் கொடிய போர் நடந்தது. ஊருக்குத் திரும்ப வழியின்றி நின்ற காலத்தில் அந்நகரில் நெசவைக் கற்றார். ஒக்கினாவாவின் துணியைக் காப்பாற்றுங்கள் என்று அங்குள்ள பெரியவர்கள் அவரை ஊக்கினர். 1946 இல் ஊர் திரும்பியபோது நாருக்கு வளர்த்த வாழைகள் வெட்டப்பட்டிருந்தன. நுளம்பு பெருகி மலேரியா பரவும் என்று அமெரிக்கப் படையினர் அவற்றை அழித்திருந்தனர்.

அம்மையார் மீண்டும் தொடங்கினார். வாழையை நட்டு, அது வளரும்வரை காத்திருந்தார். போரில் கணவரை இழந்த பெண்களையும் ஊர்ப் பெண்களையும் சேர்த்துக்கொண்டார். நட்ட வாழை நாராக மூன்றாண்டு. நார் நூலாகப் பல மாதம். நூல் துணியாக மேலும் சில வாரம். கையில் காசு உடனே வராத தொழில் அது. ஆனால் வயதான பெண்கள் வீட்டிலிருந்தே நார் முடியலாம். இளையவர்கள் தறியில் அமரலாம். 1974 இல் கிஜோக்கா வாழைநார்த் துணியை அரசு முக்கிய பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. தொழிலைப் பேணும் பொறுப்பு ஒருவருக்கன்றி, ஊர்ப் பெண்களின் சங்கத்துக்கே வழங்கப்பட்டது. 2000 ஆம் ஆண்டு அம்மையார் நாட்டின் உயிருள்ள செல்வங்களுள் ஒருவராக மதிக்கப்பட்டார். 101 வயதுவரை வாழ்ந்து 2022 இல் காலமானார்.

கொண்டுவரப்பட்ட குயவர்கள்

இனி, ஊர் திரும்ப முடியாமலே போனவர்களின் கதை. 1592 முதல் 1598 வரை யப்பானியப் படைகள் கொரியாவின்மீது படையெடுத்தன. படைத்தலைவர்கள் திரும்பி வரும்போது பொன்னை மட்டுமல்ல, குயவர்களையும் குடும்பத்தோடு பிடித்து வந்தனர். தெற்கு யப்பானின் புகழ்பெற்ற மட்பாண்ட ஊர்கள் பல இக்குயவர்களாற் தோன்றியவை.

அரித்தாவில் 1616 அளவில் ரி சம்பே என்ற கொரியக் குயவர் வெண்பீங்கானுக்கு ஏற்ற கல்லைக் குன்றொன்றிற் கண்டார் என்பது அவ்வூர் வரலாறு. யப்பானில் பீங்கான் செய்யும் தொழில் அங்கிருந்தே தொடங்கிற்று. 1650 களின் பின்னர் அரித்தாப் பீங்கான்களை ஒல்லாந்தக் கம்பனியார் கப்பலேற்றி ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றனர். 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய அதே கம்பனியார்தான்.

சத்சுமாவுக்குக் கொண்டுவரப்பட்ட குயவர்கள் முதலிற் செய்த பாத்திரங்களுக்கு "நெருப்பு மட்டும்" என்ற பொருளில் ஒரு பெயர் உண்டு. மண் கொரியாவிலிருந்து வந்தது, கையும் கொரியாவினது, சூளையில் எரிந்த நெருப்பு மட்டுமே யப்பானுடையது. கொண்டுவந்த மண் எத்தனை நாளைக்கு வரும்? அவர்கள் மலை மலையாக அலைந்து புதிய வெண்மண்ணைத் தேடிக் கண்டனர். சிற்றரசன் அவர்களைத் தனி ஊரில் வைத்து, தங்கள் பெயரையும் மொழியையும் உடையையும் மாற்றாமல் வாழச்செய்தான். அது மதிப்பும் ஆகும், சிறையும் ஆகும். வெண்மண் பாத்திரம் அரண்மனைக்கு. கரிய மண் பாத்திரம் குடிமக்களின் அடுக்களைக்கு. நானூறு ஆண்டுகளின் பின்னரும் அவர்களது வழித்தோன்றல்கள் அதே ஊரில் பாண்டம் வனைகிறார்கள்.

இரட்டைச் சுவர்க் கிண்ணம்

இறுதியாக எங்கள் காலத்துக் கதை ஒன்று. புக்குஷிமா மாவட்டத்து நமியே நகரின் ஒபோரிப் பகுதியில் 17 ஆம் நூற்றாண்டின் இறுதியில் மட்பாண்டத் தொழில் தொடங்கிற்று. பாதிக் கமம், பாதிச் சூளை என்றே மக்கள் வாழ்ந்தனர். எடோக் காலத்தின் இறுதியில் நூற்றுக்கு மேற்பட்ட வீடுகளில் இத்தொழில் இருந்தது. ஒபோரி சோமா எனப்படும் இப்பாத்திரங்களுக்கு மூன்று அடையாளங்கள்: நீலப்பச்சை மெருகில் வலைபோல் ஓடும் நுண்ணிய வெடிப்பு, பாயும் குதிரைச் சித்திரம், இரட்டைச் சுவர். உட்கிண்ணத்தையும் வெளிக்கிண்ணத்தையும் தனித்தனியே வனைந்து, ஒன்றுக்குள் ஒன்றைப் பொருத்திச் சுடுகிறார்கள். இடையில் காற்று நிற்பதால் கொதிக்கும் தேநீரை ஊற்றினாலும் கை சுடாது. தேநீரும் விரைவில் ஆறாது.

2011 மார்ச் 11 ஆம் திகதி நிலநடுக்கமும் கடற்கோளும் வந்தன. ஒபோரியிலிருந்து ஏறக்குறைய 10 கிலோமீற்றர் தூரத்திலிருந்த அணுமின் நிலையம் வெடித்தது. நமியே மக்கள் ஏறக்குறைய 21,000 பேரும் வெளியேற நேர்ந்தது. இருபதுக்கும் மேற்பட்ட சூளைகள் அப்படியே கைவிடப்பட்டன. சுட்டு அடுக்கிய கிண்ணங்கள் அலுமாரிகளிலிருந்து விழுந்து நொறுங்கியபடி கிடந்தன. கடற்கோளின் நினைவு எங்களுக்கும் உண்டு; உடுத்த உடுப்போடு ஓடிய நினைவும் உண்டு.

குயவர்களுக்கு இன்னோர் இழப்பும் இருந்தது. அந்த நீலப்பச்சை மெருகு ஊருக்கருகே கிடைத்த ஒரு கல்லிலிருந்து வந்தது. கதிரியக்கம் படிந்ததால் அக்கல்லை இனி எடுக்க முடியாது. கல் இல்லையென்றால் நிறம் இல்லை. நிறம் இல்லையென்றால் ஒபோரி சோமா இல்லை. மாவட்டத்தின் தொழில்நுட்ப ஆய்வு நிலையத்தார் குயவர்களோடு சேர்ந்து, வேறு பொருட்களைக் கலந்து, சுட்டுப் பார்த்து, அதே நிறத்தைத் தரும் மெருகை உருவாக்கினர். நமியே மக்களுட் பலர் தஞ்சமடைந்த நிஹொன்மத்சு நகரில், 2012 இல், கூட்டுறவுச் சங்கம் பொதுச் சூளை ஒன்றைத் தொடங்கிற்று. சொந்தச் சூளை இல்லாதவர் அங்கே வந்து சுட்டனர். பின்னர் சிலர் குடியேறிய ஊர்களில் தனிச் சூளைகள் அமைத்தனர். ஆனால் மீண்டும் தொழிலைத் தொடங்கியவை பத்தளவான சூளைகளே. மற்றவர்கள் முதுமையாலும் கடனாலும் மனம் தளர்ந்தும் விட்டுவிட்டனர். அவர்களைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை.

நமியே நகரின் ஒரு பகுதிக்கு 2017 இல் மக்கள் திரும்ப அனுமதிக்கப்பட்டனர். 2021 இல் நெடுஞ்சாலையோரச் சந்தையில் ஒபோரி சோமா விற்பனைக்கும் செய்முறைக்கும் இடம் திறக்கப்பட்டது. ஒபோரிப் பகுதியின் சிறு பாகத்துக்கான தடை 2023 இல் நீங்கியது. எல்லோரும் திரும்பவில்லை. வெளியூரில் வேரூன்றியவர்கள் அங்கேயே வனைகிறார்கள். ஆனால் பாத்திரத்தின் பெயரை மாற்றவில்லை.

நாம் காண்பது

இன்று யப்பானிலும் கைப்பணிகள் செழிக்கின்றன என்று சொல்ல முடியாது. 1980 களின் உச்சத்தோடு ஒப்பிட்டால் விற்பனை ஐந்தில் ஒரு பங்களவுக்கு இறங்கிவிட்டது. தொழில் செய்பவருட் பெரும்பாலோர் முதியோர். அரசின் சட்டமும் யுனெஸ்கோவின் பட்டியலும் பிள்ளைகளைத் தறியில் உட்காரவைக்கப் போதவில்லை.

எனினும், ஊரை இழந்தால் தொழில் என்னவாகும் என்ற கேள்விக்கு இவ்வரலாறுகளில் சில தெளிவுகள் கிடைக்கின்றன. கல்லும் மண்ணும் மரமும் ஊரோடு நின்றுவிடுகின்றன. அவற்றை மக்கள் தூக்கிக்கொண்டு போக முடியாது. எந்த மண் வெடிக்காது, எந்த நார் அறாது, எந்த நாளில் துணி விரிக்கலாம் என்ற அறிவு மனிதரோடு வருகிறது. அந்த அறிவு ஒருவரிடம் முழுதாக இருப்பதில்லை. மரம் கடைபவரிடம் ஒரு பங்கு, பூச்சுக்காரரிடம் ஒரு பங்கு, நார் முடியும் பாட்டியிடம் ஒரு பங்கு. ஆகவே சிதறியவர்கள் ஒரு பொதுச் சூளையையோ ஒரு சங்கத்தையோ சுற்றி மீண்டும் கூடிய இடங்களில் தொழில் தப்பியது. கூட முடியாத இடங்களில் அது ஓரிருவரோடு முடிந்தது.

ஒபோரிக் குயவர்கள் மெருகை மீளச்செய்ய முடிந்ததற்கு, பழைய மெருகு எப்படி இருந்தது என்பதைக் கண்ணாலும் கையாலும் சொல்லக்கூடியவர்கள் உயிரோடு இருந்தது ஒரு காரணம். எங்கள் மத்தியிலும் பாய் இழைத்த, கடகம் பின்னிய, பானை வனைந்த, வலை முடிந்த மூத்தவர்கள் இருக்கிறார்கள். எந்தக் குளத்து மண், எந்த மாதத்து ஓலை, எத்தனை நாள் காயவேண்டும் என்று அவர்களிடம் கேட்டு ஒரு கொப்பியில் எழுதிவைப்பதற்கு அதிக செலவில்லை. பிள்ளைகளே இதைச் செய்யலாம்.

நமியே சந்தையில் இப்போது விற்கும் கிண்ணத்தின் மெருகு பழைய கல்லிலிருந்து வந்ததல்ல. வாங்குபவர் பலருக்கு அது தெரியாது, வனைந்தவருக்குத் தெரியும். அவர் உட்கிண்ணத்தை வெளிக்கிண்ணத்துக்குள் பொருத்திவிட்டு அடுத்ததை வனையத் தொடங்குகிறார்.